கண்ணாடிக்கு லைசன்ஸ் வேண்டாம், வோக்கி டோக்கிக்கு வேண்டும்

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு சாரண ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஓகஸ்ட் விடுமுறையில் பன்னிரண்டு பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்தைத் தாந்தாமலையிலும் மற்றதை அதற்கு மேற்கே எட்டுக் கிலோமீற்றர் தள்ளித் தெரியும் ஒரு பாறையிலும் ஏற்றி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பியும் வோக்கி டோக்கியாலும் செய்தி அனுப்பப் பழக்கப் போகிறாராம். டவுனில் ஒருவர் இரண்டு செட்டை "லைசன்ஸோடு" தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா, கண்ணாடி அவ்வளவு தூரம் எடுபடுமா என்று கேட்கிறார்.

சேர், வாங்காதீர்கள். லைசன்ஸோடு விற்கிற செட் என்று ஒன்று கிடையாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டப்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விண்ணப்பித்தவருடைய பெயருக்குத்தான் அதைக் கொடுக்கும், சைக்கிளோடு பம்ப் வருவதுபோலச் செட்டோடு வராது. என்னிடம் ஒருவர் இப்படித்தான் லைசன்ஸ் என்று ஒரு போட்டோக்கொப்பியை லமினேட் பண்ணிக் கொண்டுவந்தார், தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை மைக்குக் கீழே வேறு யாரோ ஒருவருடைய பெயர். பெட்டியில் "லைசன்ஸ் தேவையில்லை" என்று அச்சடித்திருக்கிறது என்பார்கள். அது அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ எழுதியது, அங்கே சும்மா விட்ட அலைவரிசை இங்கே வேறு யாருக்காவது ஒதுக்கியிருக்கலாம். "விண்ணப்பத்தை நானே போட்டுத் தாறன், அட்வான்ஸ் மட்டும் தாங்க" என்பவர் இன்னும் மோசம். வழியில் பொலிஸ் மறித்தால் செட் இருப்பது பிள்ளையின் கையில், தரகர் அப்போது போனைக்கூடத் தூக்கமாட்டார்.

இந்த ஆட்கள் ஏன் பிழைக்கிறார்கள்? நேர்வழி அவ்வளவு இழுபறி. ஒரு கந்தோரில் நான் தமிழில் படிவம் கேட்டதற்கு அடுத்த கிழமை வரச் சொன்னார்கள், மூன்று கிழமை போனேன், கடைசியில் ஆங்கிலப் படிவத்தையே நீட்டினார்கள். இரண்டு நாள் முகாமுக்கு இத்தனை அலைச்சல் என்றால் எந்த வாத்தியாருக்குப் பொறுமை இருக்கும்?

உங்களுக்குச் சுகமான வழி, பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) லைசன்ஸ் எடுத்த ஒருவரைக் கூட்டிவருவது. அவருடைய செட், வானொலியில் அவரை அடையாளம் காட்டும் அவருடைய அழைப்புக்குறி, அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளைகள் பேசலாமா என்பதை அவருடைய லைசன்ஸ் நிபந்தனையைப் பார்த்து அவரே சொல்லட்டும். ஒவ்வொரு ஒக்டோபரிலும் உலகச் சாரணர்கள் வானொலியில் சந்திக்கும் ஜம்போரி இப்படி அமெச்சூர்க்காரர்களை வைத்துத்தான் நடக்கிறது. ஆனால் முகாமை அதற்காகத் தள்ளினால், ஒக்டோபரில் இங்கே வானம் மூடத் தொடங்கிவிடும், கண்ணாடியை நம்ப முடியாது. மலைக்கு மலை இடையில் மறைப்பு இல்லாவிட்டால் 5 வாட் செட் தாராளம். அடிவாரக் காட்டுக்குள் இறங்கினால் இரண்டு கிலோமீற்றரே சந்தேகம், பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்பவேண்டாம்.

இனிக் கண்ணாடி. எட்டுக் கிலோமீற்றர் ஒன்றுமே இல்லை. 1894இல் அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படையினர் மலைக்கு மலை சுமார் 295 கிலோமீற்றர் அனுப்பியிருக்கிறார்கள். உள்ளங்கை அளவு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். பின்பக்கப் பூச்சில் நடுவில் பயறளவு சுரண்டி, கண்ணாடியை ஒரு கம்பில் கட்டி நிறுத்துங்கள். ஒரு முழம் முன்னால் இன்னொரு குச்சியை நட்டு, ஓட்டை வழியே பார்த்து, குச்சி நுனியும் எதிர்ப் பாறையும் ஒரே நேரில் வரும்படி வையுங்கள். பிறகு கண்ணாடியைச் சாய்க்கச் சாய்க்க, வெளிச்சத்தின் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு ஓடும். அது குச்சி நுனியில் விழுந்தால் வெளிச்சம் பாறைக்குப் போகிறது. இன்னொரு பிள்ளை மட்டையால் மறைத்தும் திறந்தும், குட்டை வெளிச்சம் நெட்டை வெளிச்சமாக எழுத்துகளைச் சொல்லும் மோர்ஸ் அடிக்கட்டும். அங்கே போய்ச் சேரும் வெளிச்சம் சுமார் 75 மீற்றர் அகலம்தான், சூரியனோ இரண்டு நிமிடத்தில் தன் அகலம் நகர்ந்துவிடும். அதனால் நிமிடத்துக்கு ஒரு தடவை பொட்டைத் திருத்தவேண்டும், பிள்ளைகள் தவறவிடுவது இங்கேதான்.

இன்னொன்று. வாவிக்குக் கிழக்கை எழுவான்கரை, மேற்கைப் படுவான்கரை என்று பேர் வைத்த நமக்குத் திசை சொல்லித்தர வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குத் தாந்தாமலைக் கூட்டம் மேற்கே பார்த்து நின்றால் வெயில் முதுகில், ஒற்றைக் கண்ணாடியால் அதை முன்னுக்குச் சரியாகத் திருப்ப முடியாது. இரண்டு கண்ணாடி வேண்டும்: ஒரு பிள்ளை கிழக்கே பார்த்துக் குந்தியிருந்து வெயிலை வாங்கி, நாலடி முன்னால் மேற்கே பார்த்து நிற்கிற பிள்ளையின் கண்ணாடியில் விழுத்த, அது முதல் பிள்ளையின் தலைக்கு மேலால் பாறைக்கு அனுப்பும். செய்து பார்த்திருக்கிறேன், ஒருவர் தும்மினாலும் போச்சு. அதைவிடக் காலையில் பாறைக் கூட்டம் அனுப்பட்டும், தாந்தாமலைக் கூட்டம் பத்து மணி மட்டும் பொறுக்கட்டும். வெயில் ஏறிவிட்டால் ஒரு கண்ணாடியே போதும், ஓகஸ்ட் கடைசியில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும், அப்போது எந்தத் திசைக்கும் அனுப்பலாம். ஓட்டை வழியே சூரியனை யாரும் பார்க்கக்கூடாது.

அந்தப் பாறை எது என்று நீங்கள் எழுதவில்லை. வன இலாகாவின் காணி என்றால் கடிதம் இல்லாமல் ஏறாதீர்கள். மலையில் ஏதோ மின்னுகிறது என்று யாரும் பயப்படாமல் இருக்கப் பொலிசுக்கும் முதலே சொல்லிவையுங்கள். மூன்று மணிக்கெல்லாம் பிள்ளைகளை இறக்கத் தொடங்குங்கள், பொழுது சாய அந்தப் பக்கம் யானை வழிக்கு வந்துவிடும்.