பழைய 80-200 லென்ஸை நம்பலாமா?

வணக்கம் அண்ணா,

நான் அட்டன் பக்கம். கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, காமன் கூத்து என்று படம் எடுக்கிறேன். கையில் இருப்பது நிக்கோன் டி7200, ஒரு 18-55, ஒரு 55-200. கண்டியில் ஒருவர் பழைய நிக்கோர் 80-200 எஃப் 2.8 டி லென்ஸ் விற்கிறார், ஸூமுக்கு ஒன்று, ஃபோகஸுக்கு ஒன்று என்று இரண்டு வளையம் உள்ளது. "உன் வயசு இருக்கும்டா அதுக்கு" என்று கூட்டாளிமார் சிரிக்கிறார்கள். புதிய 70-200 வாங்க எனக்கு வசதியில்லை. இதை நம்பி வாங்கலாமா? வாங்கினால் சிவனொளிபாத மலைக்குக் கொண்டுபோகலாமா?

அன்புள்ள தம்பி,

வாங்குங்கள். வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இத்தனை வருடமும் அந்த லென்ஸ் எங்கே இருந்தது என்பதை மட்டும் விசாரியுங்கள். கொழும்பில் ஏசி அறையில் இருந்ததா, நுவரெலியாவில் ஈரச் சுவர் அலுமாரிக்குள் தோல் பையோடு கிடந்ததா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

காமன் கூத்தையே எடுத்துக்கொள்வோம். மாசி மாத இராத்திரி, பொட்டலில் இரண்டு மூன்று பல்பு, தீப்பந்தம், அவ்வளவுதான் வெளிச்சம். உங்கள் 55-200 லென்ஸ் 200க்கு, அதாவது முழு ஸூமுக்குப் போனதும் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சம் கூட). இது அதே 200இலும் 2.8 திறக்கும், அதாவது நாலு மடங்கு வெளிச்சம். 5.6இல் 1/60 செக்கன் கிடைக்கிற இடத்தில் இதில் 1/250 கிடைக்கிறது, அந்த வேகம் இருந்தால்தான் ரதியும் மன்மதனும் ஆடும்போது முகம் கலங்காமல் நிற்கும். கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான், ஸூம் பண்ணப் பண்ணத் துளை சுருங்குவதில்லை, ஒருமுறை வைத்த அளவை மாற்றாமல் தாலி கட்டும் வரை எடுக்கலாம்.

இந்த இரண்டு வளைய வகை 1997இல் வந்தது, அதற்கு முந்தியது இழுத்துத் தள்ளுகிற ஸூம். பத்திரிகைக்காரர்கள் கூட்டத்தில் தூக்கித் திரிவதற்காகச் செய்த சாமான், உலோக உடம்பு, 1300 கிராம். ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் கிடையாது, கெமராவின் மோட்டார்தான் ஒரு திருகைச் சுற்றி லென்ஸை ஓட்டுகிறது. சத்தம் போடும், உண்மைதான். ஆனால் எனக்கு இந்த லென்ஸில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான், ஏனென்றால் எரிந்துபோக உள்ளே மோட்டாரே இல்லை. இதற்குப் பிறகு வந்த மோட்டார் வைத்த 80-200, 28-70 போன்றவை கேட்க இனிமையாக ஓடும், அந்த மோட்டார் போய்விட்டால் இப்போது உதிரிப் பாகம் தேடி அலைய வேண்டும். பழையதில் பழையதை எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் டி7200இல் மோட்டார் இருக்கிறது. டி3000, டி5000 வரிசைக் கெமராக்களில் இல்லை, நிக்கோனின் புதிய இஸட் கெமராக்களில் பழைய லென்ஸை மாட்டுகிற எஃப்டிஇஸட் அடாப்டர் போட்டாலும் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும். நாளைக்குக் கெமரா மாற்றுகிற எண்ணம் இருந்தால் இதை இப்போதே யோசியுங்கள்.

குறைகளும் உண்டு. கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இல்லை, 200இல் 1/250க்குக் கீழே இறங்காதீர்கள். கிட்டத்தில் நிற்கிற ஆளை 200இல் 2.8 திறந்து எடுத்தால் கொஞ்சம் மங்கல் தெரியும், எஃப் 4க்கு மூடினால் கண்ணிமை வரை தெளிவாகிவிடும். எதிர்வெயிலில் புதிய லென்ஸ் அளவுக்கு நிற்காது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு புதிய லென்ஸ் விற்கிற விலையை நினைத்தால் இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கண்டிக்குப் போகும்போது உங்கள் கெமராவையும் நல்ல டோர்ச் ஒன்றையும் கொண்டுபோங்கள். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து, முன்னால் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசு இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரிக் கிளை விட்டிருந்தால் அது ஃபங்கஸ், கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். துளை இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, ஃபோகஸை ஆட்டோவுக்கும் கைக்கும் (ஏ-எம்) மாற்றுகிற பிளாஸ்டிக் வளையம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த வளையம் இந்த லென்ஸில் அடிக்கடி வெடிக்கும். அப்புறம் 80, 135, 200 மூன்றிலும் 2.8இல் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கெமராவில் போட்டுப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அதைப் பைக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும், அறுபதைத் தாண்டினால் ஜெல்லைச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். நம்ம ஊர் மழைக்காலத்தில் இது அடிக்கடி செய்கிற வேலையாகிவிடும். பனியில் நனைந்த லென்ஸை நேராக அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது, உள்ளே வேர்த்துவிடும், பையோடு கொஞ்ச நேரம் வெளி அறையில் இருக்கட்டும்.

சிவனொளிபாத மலைக்கு இது வேண்டாம். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஐயாயிரத்துக்கு மேல் படி ஏற வேண்டும், கெமராவோடு சேர்த்தால் கழுத்தில் இரண்டு கிலோ. மேலே விடியும்போது மேற்கே விழுகிற அந்த முக்கோண நிழலுக்கு அகலமான பார்வைதான் தேவை, உங்களிடம் இருக்கிற 18-55 அதற்குத் தாராளம்.