பேரப்பிள்ளைகளும் நாட்டுக்கோழியும்: பாட்டியிடம் கேளுங்கள்

முப்பது வருடமாகச் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகையை வளர்க்கிறேன். நான்கு பேரப்பிள்ளைகள். அவர்களில் ஒருவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நான்கு வயதுப் பேத்தி குஞ்சுகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறாள். விடலாமா?

கூடாது. நல்ல கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அது எளிதில் படுக்க வைத்துவிடும். அவள் இறுக்கிப் பிடித்தால் குஞ்சும் செத்துப்போகும். மாலையில் "பா… பா…" என்று கூப்பிட்டுக் குருணை இறைக்கும் வேலையைக் கொடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

பேரனுக்குப் பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில் இருக்கிறான். கை நடுங்கும். வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

முட்டை எடுக்க முடியும் ஐயா! என் பேரனும் அப்படித்தான். ஒரு வருடம் அவனைத் திண்ணையில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொன்னேன், அது என் தவறு. பிறகுதான் கூட்டை மாற்றினோம். முட்டையிடும் கூடைகளை அவன் மடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினோம். கோழிகள் இரண்டே நாளில் பழகிவிட்டன. வாசலிலிருந்து கூடுவரை கடப்பைக் கல் பதித்தோம். மடியில் உமி பரப்பிய தட்டு, அதனால் முட்டை உருளாது. முதல் வாரம் தினமும் ஒன்று உடைந்தது. என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார், நாய் மகிழ்ந்தது. இப்போது நான் ஊருக்குப் போனாலும் முட்டைக் கணக்கு அவனிடம்தான்.

ஒன்றை மறக்காதீர்கள்: சக்கரத்தில் எச்சம் ஒட்டும், அதே சக்கரத்தைத்தான் அவன் கையால் தள்ளுவான். கையோடு சக்கரத்தையும் கழுவ வேண்டும்.

பேத்திக்குக் கண் தெரியாது. கோழி கொத்திவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் அடைகாக்கும் கோழிதான் கொத்தும். பெரியவர் ஒருவர் கோழியைத் தூக்கிக்கொண்டால் அவள் தாராளமாக முட்டையைத் தொடலாம். அடை வைத்த ஏழாம் நாள் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் கரு பார்ப்பது மற்றவர்களின் வேலையாக இருக்கட்டும். அவளுக்கு இருபதாம் நாள் இருக்கிறது. அன்று முட்டையைக் காதருகே வைத்தால், ஓடு உடையும் முன்பே உள்ளிருந்து குஞ்சு கீச்சிடுவது கேட்கும். உடனே திரும்ப வைத்துவிடுங்கள், சூடு ஆறக்கூடாது. முட்டையிட்ட கோழியின் கொக்கரிப்பு வேறு, பருந்தைக் கண்ட கோழியின் கூச்சல் வேறு. பழகினால் நமக்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள்.

பேரனுக்கு ஆட்டிசம். சேவல் கூவினால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான்.

சேவலை விற்றுவிடுங்கள். சேவல் இல்லாமலும் பெட்டைகள் முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டுமானால் சேவல் உள்ள வீட்டிலிருந்து முட்டை வாங்கி அடை வையுங்கள். இறகைத் தொடப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஒழுங்கில் செய்யும் வேலை இத்தகைய பிள்ளைகள் பலருக்குப் பொருந்தும். அந்தியில் கோழிகள் அடைந்ததும் எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். நாம் "எல்லாம் வந்திருக்கும்" என்று போய்விடுவோம். ஒன்று குறைந்தால் அவன் விடமாட்டான். கீரி சுற்றும் ஊரில் அதன் அருமை தெரியும்.

கோழிக்குக் கழிச்சல் வந்தால்?

பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். வெள்ளைக் கழிச்சல் வந்தபின் பெரும்பாலும் கோழி பிழைக்காது. அதனால் முன்கூட்டியே தடுக்க வேண்டும்: குஞ்சு பொரித்த ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டு விட வேண்டும், எட்டாம் வாரம் அடுத்த தடுப்பூசி. காலண்டரில் அந்த நாட்களை வட்டமிடுவது பேரப்பிள்ளைகளின் பொறுப்பு.

பெயர் வைத்து வளர்த்த கோழியைக் குழம்பு வைக்கலாமா?

ஒரு தீபாவளிக்கு வைத்தேன். "பறந்து போய்விட்டது" என்று பொய்யும் சொன்னேன். சின்னவள் குப்பையில் இறகைப் பார்த்துவிட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது பெயர் வைத்த கோழியின் காலில் சிவப்புக் கயிறு கட்டிவிடுகிறோம், அது குழம்புக்குப் போகாது. போன மாதம் எண்ணிப் பார்த்தேன்: பதினான்கு கோழிகளில் பதினொன்றுக்குச் சிவப்புக் கயிறு.