‘ரோஜர்’ என்றால் ‘சரி’ இல்லை

வணக்கம் சார்,

நான் குரோம்பேட்டை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வெளியூரில் பைலட் பயிற்சி எடுக்கிறேன், செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் முப்பது மணி நேரம் ஆகிவிட்டது. விமானம் கைக்கு வந்துவிட்டது, ரேடியோதான் வரமாட்டேன் என்கிறது. போன வாரம் டவரில் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) ரன்வேக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள், நான் ‘ரோஜர்’ என்றேன். இறங்கியதும் இன்ஸ்ட்ரக்டர் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். என் இங்கிலீஷ்தான் பிரச்சினையா?

எஸ்., குரோம்பேட்டை

அன்புள்ள எஸ்.,

இங்கிலீஷ் இல்லை. ரேடியோவில் புழங்குவது கொஞ்சம் சொற்கள்தான், அதுவும் அச்சில் வார்த்த மாதிரி. சரளமாகப் பேச வருகிறவர்கள்தான் பேசிக்கொண்டே போய்ச் சொதப்புவார்கள்.

உங்களை மாட்டிவிட்டது நம்ம ‘சரி’. பிளம்பரிடம் “காலைல எட்டு மணிக்கு வந்துடுங்க” என்றால் “சரி சார்” என்பார். காதில் விழுந்தது என்கிறாரா, வருகிறேன் என்கிறாரா, போனை வை என்கிறாரா என்பது பத்து மணிக்குக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்போதுதான் நமக்குத் தெரியும். ‘ரோஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுக்கக் கேட்டது, அவ்வளவுதான். ஆமாம் என்பதற்கு ‘அஃபர்ம்’, செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’. ரன்வே விஷயத்தில் வில்கோவும் போதாது, ‘ஹோல்டிங் ஷார்ட் ரன்வே டூ ஃபைவ்’ என்று எண்ணோடு திருப்பிச் சொல்லிக் கடைசியில் கால்சைனும், அதாவது ரேடியோவில் உங்கள் விமானத்தின் பெயரும், சொல்ல வேண்டும். மாம்பலத்தில் நான் மாத்திரை வாங்கும் கடைப் பையன் “ஷுகர் மாத்திரை, ஐந்நூறு, பதினைஞ்சு, இல்லீங்களா?” என்று கேட்பான், அதேதான். தப்பாகக் கேட்டிருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு, மூடுபனி, ஒரே ரன்வேயில் இரண்டு போயிங் 747 ஜம்போ, ஒன்று டச்சு நிறுவனமான கேஎல்எம், மற்றது அமெரிக்க நிறுவனமான பான் ஆம். கேஎல்எம் துணை விமானி ‘வீ ஆர் நௌ அட் டேக்ஆஃப்’ என்கிறார், கிளம்பத் தயாரா, கிளம்பியே விட்டார்களா என்று புரியாத மாதிரி. டவர் ‘ஓகே’ என்றுவிட்டு, ஒரு சின்ன இடைவெளிக்குப் பிறகு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்கிறது. அதே நேரத்தில் பான் ஆம், நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்று பட்டனை அழுத்த, இரண்டு பேச்சும் ஒரே அலைவரிசையில் கலந்து கீச்சென்ற சத்தமாகிவிட்டது. கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாக விழுந்தது அந்த ஓகே மட்டும்தான். அனுமதி இல்லாமலே கிளம்பிய அது பான் ஆம் மீது மோதியது, 583 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வாயில் எடுக்கக்கூடாது, மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’ என்று ஆனது.

அது ஜம்போ என்று நினைக்காதீர்கள், உங்கள் செஸ்னாவிலும் ரேடியோ அதே ரகம்தான், ஒருவர் பேசினால் மற்றவர் வாயை மூடியாக வேண்டும். நான் கற்றுக்கொண்ட நாளில் தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே மைக் சிக்கி பட்டன் அழுந்தியே இருந்தது. அது தெரியாமல் என் இன்ஸ்ட்ரக்டரைப் பற்றி நானே புலம்பிக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். அத்தனை நேரமும் வேறு யாரும் பேச முடியவில்லை, எல்லாரும் கேட்டார்கள், அவர் உட்பட. திடீரென்று ரேடியோ அமைதியாகிவிட்டால் முதலில் உங்கள் பட்டனைப் பாருங்கள்.

அப்புறம், குரோம்பேட்டை ஸ்டேஷனில் வண்டிக்கு நிற்கும்போது அறிவிப்பைத் திருப்பிச் சொல்லிப் பழகுங்கள், எந்த வண்டி, எந்த பிளாட்ஃபாரம் என்று. பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி நிற்பார், பரவாயில்லை.