சைன்அப் கூடிக்கொண்டே போகிறது, வருமானம் அசையவில்லை. மார்க்கெட்டிங்குக்கு இன்னும் செலவு செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம், நிறுத்தி வையுங்கள். காரணத்தை நீளமாகவே சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை ஏறக்குறைய இதே சொற்களில் வாராவாரம் கேட்டுக் காது புளித்த ஆள் நான்.

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: சிறு நிறுவனங்களுக்கான மென்பொருள், சந்தைக்கு வந்து ஒரு வருடம், முதல் மாதம் இலவசம், பிறகு மாதச் சந்தா. கடைசியில், "யூசர் எண்ணிக்கை ஒரு மாதம்கூட இறங்கியதில்லை" என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ஒரு மாதம்கூட இறங்காத வரைபடம் என்றால் அது பெரும்பாலும் மொத்தக் கணக்கு வரைபடமாக இருக்கும். அதாவது தொடங்கிய நாளிலிருந்து பதிவு செய்த அத்தனை பேரையும் கூட்டிக் காட்டுவது. அது இறங்கவே முடியாது. நாளைக்கே எல்லாரும் விட்டுப் போனாலும் அதே உயரத்தில் நேர்கோடாக நிற்கும். தப்பாக ஊகித்திருந்தால் கமென்டில் திட்டுங்கள், ஆனால் தப்பாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

நான் மார்க்கெட்டிங் ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "உனக்கு என்ன தெரியும்" என்று யாராவது வருவார்கள். நான் இருந்தது வாடிக்கையாளர் உதவிப் பிரிவில். தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழி கொஞ்சம் தெரியும் என்பதால் ரிப்போர்ட் எடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. நிறுவனம் விற்றது பில் மென்பொருள்: சிறு தொழில் செய்கிறவர்கள் பில் போடலாம், யாரிடம் எவ்வளவு பாக்கி என்று பார்க்கலாம், நினைவூட்டல் அனுப்பலாம்.

வாரத்தின் முதல் கூட்டத்தில் மார்க்கெட்டிங் தலைவர் சைன்அப் எண்ணைக் காட்டுவார். எப்போதும் இலக்கைத் தாண்டியே இருக்கும். எப்படித் தாண்டியது என்று யாரும் கேட்டதில்லை. விஷயம் எளிது. "இலவச பில் மாதிரி" என்று தேடுகிறவர்களுக்கு எங்கள் விளம்பரம் போகும். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பில். வருவார், மின்னஞ்சல் கொடுப்பார், பில் போடுவார், அச்செடுப்பார், போய்விடுவார். எங்கள் கணக்கில் அவர் ஒரு யூசர். இலக்கு எட்டாத மாதம் என்றால் விளம்பரச் செலவைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், எண் வந்துவிடும். பணம் கொடுத்தால் வந்துவிடும் எண் உங்கள் விளம்பர பட்ஜெட் எவ்வளவு என்பதைத்தான் சொல்லும், மென்பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. என் பதில் மொத்தமும் இந்த ஒரு வாக்கியம்தான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கோஹார்ட் அட்டவணை போட்டேன், அதாவது ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரு குழுவாக வைத்துப் பின்தொடரும் அட்டவணை. சேர்ந்த மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை; அந்த மாதம் சேர்ந்தவர்களில் அடுத்த மாதம் எத்தனை பேர் பில் போட்டார்கள், அதற்கடுத்த மாதம் எத்தனை பேர் என்று நெடுவரிசைகள். லாகின் செய்தார்களா என்று பார்க்கவில்லை, பில் போட்டார்களா என்றுதான் பார்த்தேன். லாகின் சும்மாவும் நடக்கும், ஒரு நினைவூட்டல் மெயில் தட்டினாலே நான்கு பேர் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மெயில் திறந்தார்களா என்ற கணக்கும் உதவாது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டுக்குப் பிறகு, அதைப் பயன்படுத்துகிறவர் திறக்காத மெயிலும் திறந்ததாகவே பதிவாகிவிடும்.

அட்டவணையில் முதல் நெடுவரிசை கொழுத்திருந்தது, இரண்டாவதிலேயே சரிந்தது. அது எனக்கு ஆச்சரியமில்லை. உறுத்தியது இன்னொன்று: புதிதாகச் சேர்ந்த மாதங்களின் வரிசைகளும் பழைய மாதங்களைப் போலவே இருந்தன. இடைப்பட்ட காலத்தில் டெவலப்பர்கள் ராப்பகலாக உட்கார்ந்து புதுப்புது வசதிகள் சேர்த்திருந்தார்கள். அதில் எதுவுமே யாரையும் கூடுதலாக ஒரு மாதம் தங்க வைக்கவில்லை. மேலிருந்து கீழாக அந்த அட்டவணையைப் படித்தால் அது தயாரிப்புக் குழுவின் மதிப்பெண் பட்டியல். மார்க்கெட்டிங்காரர்களைத் திட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் பாதிதான் படிக்கிறார்கள்.

கூட்டத்தில் காட்டினேன். மார்க்கெட்டிங் தலைவர், "சப்போர்ட்டுக்கு எழுதுறவங்க எல்லாம் குறை சொல்ல வர்றவங்கதானே, அவங்களை வெச்சு முடிவெடுக்க முடியுமா?" என்றார். இது சேர்ந்த எல்லாருடைய கணக்கும், சப்போர்ட்டுக்கு எழுதியவர்கள் கணக்கு இல்லை என்று சொன்னேன். ஒரு கமா பிசகியிருந்தாலும் என்னை அன்றைக்கே முடித்திருப்பார்கள்.

அடுத்து, தங்கியவர்கள் முதல் வாரத்தில் என்ன செய்தார்கள் என்று தேடினேன். ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது: தங்கள் வாடிக்கையாளர் பட்டியலை உள்ளே ஏற்றியவர்கள் தங்கினார்கள், மற்றவர்கள் ஓடினார்கள். பட்டியலை ஏற்றுவது ஏன் கடினம் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும், நாள் முழுக்க அதைப் பற்றி வந்த உதவிக் கோரிக்கைகளுக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பட்டியல் ஏதாவது ஒரு எக்செல் கோப்பில் இருக்கும். எக்செல், எண்ணாகத் தெரிவதை எல்லாம் கணக்குப் போடும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். தொலைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கும். 12 இலக்கம் வந்தாலே நடுவில் ஒரு 'ஈ' போட்டுச் சுருக்கிக் காட்டும். 15 இலக்கத்தைத் தாண்டினால் மிச்சத்தை எல்லாம் பூஜ்யமாக்கிவிடும், பிறகு என்ன செய்தாலும் திரும்பி வராது. தேதியில் நாள் முதலா மாதம் முதலா என்பது கணினிக்குக் கணினி மாறும். இப்படி ஒரு கோப்பை ஏற்றினால் எங்கள் மென்பொருள் "கோப்பில் பிழை" என்று ஒரே வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். எந்த வரிசையில், என்ன பிழை? அது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஃபவுண்டர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "ஏத்தினதால தங்கினாங்களா, இல்ல தங்கப் போறவங்கதான் மெனக்கெட்டு ஏத்தினாங்களா?" நியாயம். ஃபேஸ்புக்கின் ஆரம்ப காலத்தில் '10 நாளில் 7 நண்பர்கள்' என்பதை இலக்காக வைத்திருந்தார்கள் என்பது எல்லாரும் மேற்கோள் காட்டும் கதை. அதைக் கேட்டுவிட்டுத் தன் மென்பொருளிலும் ஒரு மந்திர எண்ணைத் தேடுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நாங்கள் குதிக்கவில்லை. புதுக் கணக்குகளில் இரட்டைப்படை எண் உள்ளவர்களுக்கு மட்டும், "உங்கள் பட்டியல் எந்த லட்சணத்தில் இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள், நாங்கள் ஏற்றித் தருகிறோம்" என்று மெயில் அனுப்பினேன். ஒற்றைப்படைக்கு ஒன்றும் அனுப்பவில்லை. பிறகு பதில் போட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், முழு இரட்டைப்படைக் குழுவையும் முழு ஒற்றைப்படைக் குழுவையும் ஒப்பிட்டோம். மூன்றாவது மாதத்திலும் பில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இரட்டைப்படைப் பக்கம் தெளிவாகவே கூடுதல். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், பழைய நிறுவனத்தின் கணக்கை இங்கே பரப்பக் கூடாது.

அதன் பிறகுதான் டெவலப்பர்கள் அந்த இறக்குமதிப் பக்கத்தைத் திரும்ப எழுதினார்கள். எந்த வரிசையில் என்ன சிக்கல் என்று காட்டி, அங்கேயே திருத்திக்கொள்ளும்படி செய்தார்கள். 'இலவச பில் மாதிரி' விளம்பரம் நின்றது. சைன்அப் பாதிக்கும் கீழே விழுந்தது, சில கூட்டங்கள் கசப்பாகவே போயின. வருமானம் உடனே ஏறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தங்குகிறவர்கள் மாதாமாதம் சேர்ந்து குவிந்த பிறகுதான் கோடு நிமிர்ந்தது.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு நான்காம் வகுப்புக் கணக்கு. ஓட்டைப் பானை உவமையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள், அதனால் எண்ணாகவே சொல்கிறேன். மாதம் 200 பேர் புதிதாகக் காசு கட்டுகிறார்கள், இருப்பவர்களில் மாதம் 5 சதவீதம் விலகுகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 4,000 ஆகும்போது மாதம் 200 பேர் வெளியே போவார்கள், 200 பேர் உள்ளே வருவார்கள். அதோடு வளர்ச்சி நின்றது. விளம்பரத்தை இரட்டிப்பாக்கினால் உச்சவரம்பு 8,000. விலகலைப் பாதியாக்கினாலும் அதே 8,000தான், ஆனால் அதற்கு மாதாமாதம் விளம்பரக் கம்பெனிக்குப் படியளக்க வேண்டாம்.

இங்கே யாராவது "ஒரு வாடிக்கையாளர் மூலம் வரும் மொத்த வருமானம், அவரைப் பிடிக்க ஆகும் செலவைப் போல மூன்று மடங்கு இருந்தால் போதுமே, எங்களுக்கு இருக்கிறதே" என்பார்கள். அந்த மொத்த வருமானத்தை எப்படிப் போட்டீர்கள்? விலகல் 5 சதவீதம் என்றால் சராசரியாக 20 மாதம் தங்குவார். 2 சதவீதம் என்று நம்பிக்கையாகப் போட்டால் 50 மாதம். உங்கள் நிறுவனத்துக்கே வயது 12 மாதம். ஐம்பதாவது மாதத்தை யார் போய்ப் பார்த்தது?

"அப்போ கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் மட்டும் எப்படி வளர்ந்தது?" என்று கேட்பீர்கள். அதற்கும் வருகிறேன். 2008 செப்டம்பரில் ஒரு லட்சம் யூசர், 2010 ஜனவரியில் 40 லட்சம். நண்பரைச் சேர்த்தால் இருவருக்கும் கூடுதல் சேமிப்பு இடம் என்ற திட்டம் அதில் பெரும் பங்கு வகித்தது, உண்மை. ஆனால் அதற்கு முன் அவர்களும் தேடல் விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள். நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் பிறகு காட்டிய ஸ்லைடுகளின்படி, 99 டாலர் தயாரிப்புக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை ஆனது. நண்பர் திட்டம் வேலை செய்ததற்குக் காரணம், கொடுத்த பரிசு அந்தத் தயாரிப்பையே இன்னும் கொஞ்சம் கொடுத்தது. அதைப் பயன்படுத்தாதவருக்கு அந்தப் பரிசால் ஒரு லாபமும் இல்லை. 1996இல் தொடங்கிய ஹாட்மெயிலும் இதே வகை: ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ஒரு அழைப்பு வரி, மெயில் அனுப்புகிறவர் இருந்தால்தான் விளம்பரமே நடக்கும். தயாரிப்பு உயிரோடு இருந்ததால் பரவியது. வேறு எதையும் பரிசாகக் கொடுத்திருந்தால் பரிசுக்காக வருகிறவர்கள்தான் வந்திருப்பார்கள்.

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். அந்த நிறுவனத்தை விட்டு வந்த பிறகு 'க்ரோத்' (வளர்ச்சி) என்று பெயர் போட்ட வேலைகளுக்கு விண்ணப்பித்தேன். போகிற இடமெல்லாம் ஒரே வீட்டுப்பாடம்: "எங்கள் தயாரிப்புக்கு 90 நாள் வளர்ச்சித் திட்டம் எழுதி அனுப்புங்கள்." உள்ளே யார் தங்குகிறார், யார் போகிறார் என்று ஒரு எண்ணும் தர மாட்டார்கள். அந்த எண் இல்லாமல் எழுதும் திட்டம் ஜாதகம்தான். சரி என்று எழுதி அனுப்பினால் பதிலே வராது. ஓரிடத்தில் நான் சொன்ன மாற்றம், அதே வரிசையில், அவர்களுடைய விலைப் பக்கத்தில் பிறகு வந்திருந்தது. தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பாடத்துக்குக் கூலி கொடுங்கள் ஐயா. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் அந்த அட்டவணையைப் போடச் சொல்லுங்கள், ஒரு நாள் வேலைகூட இல்லை. 'பயன்படுத்தினார்' என்றால் என்ன என்பதை முன்பே எழுதி வைத்துவிடுங்கள், எண்ணைப் பார்த்த பிறகு வரையறையை வளைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். இலவச மாதத்தைத் தனியாகவும் காசு கட்டிய மாதங்களைத் தனியாகவும் வையுங்கள். எந்த விளம்பரம் வழியாக வந்தார் என்பதை வைத்தும் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். ஒரு வழியில் வந்தவர்கள் தங்குவதாகவும் இன்னொரு வழியில் வந்தவர்கள் பறப்பதாகவும் தெரிந்தால், நான் 'நிறுத்துங்கள்' என்று சொன்னது அந்த இரண்டாவது வழிக்கு மட்டும்.

எண்ணிக்கை குறைவு, அட்டவணையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஸ்டார்ட்அப் மார்க்கெட்டிங் ஆளான சீன் எல்லிஸ் பழக்கிவிட்ட ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நாளை முதல் இது கிடைக்காது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" 'மிகவும் ஏமாற்றமாக இருக்கும்' என்பவர்கள் 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்பது அவர் பல ஸ்டார்ட்அப்களைப் பார்த்து வைத்த அளவுகோல், வேத வாக்கு இல்லை. சூப்பர்ஹியூமன் என்ற மெயில் செயலியின் நிறுவனர் ராகுல் வோஹ்ரா, தாங்கள் 22 சதவீதத்தில் தொடங்கி 58 வரை கொண்டுவந்ததை விவரமாக எழுதியிருக்கிறார். 'ஏமாற்றமே இருக்காது' என்றவர்கள் பின்னால் அவர்கள் ஓடவில்லை. பிடித்துப்போனவர்களுக்கு எது பிடித்தது என்று கேட்டு அதை வளர்த்தார்கள், பாதி மனதோடு இருந்தவர்களைத் தடுத்தது எது என்று கேட்டு அதைச் சரி செய்தார்கள். டெவலப்பர்களின் அடுத்த மூன்று மாத வேலையை நான் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் மென்பொருள் வருடத்துக்கு ஒரு முறை மட்டும் தேவைப்படும் வகையானால், வருடாந்திரக் கணக்கு முடிப்பது மாதிரி, மாத அட்டவணை உங்களைப் பொய்யாகப் பயமுறுத்தும். அப்படியானால் அது என்ன மென்பொருள் என்று கமென்டில் எழுதுங்கள், எந்த இடைவெளியில் அட்டவணை போடலாம் என்று சொல்கிறேன்.