விண்வெளிக் கனவும் பத்தாம் வகுப்பு மகளும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளிக்குச் செல்ல வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருப்பதையும், "அதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு எங்கே கிடைக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். இதே தயக்கத்தை மாற்றுவதையே தம் பணியாக ஏற்றுக்கொண்டவர் நிஷெல் நிக்கல்ஸ்.

அமெரிக்கத் தொலைக்காட்சி, கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் வேலைக்காரி வேடமே தந்துகொண்டிருந்த நாளில், 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் விண்கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரியாக நடித்தவர் அவர். முதல் ஆண்டோடு விலக இருந்தவரைத் தொடரச் சொன்னவர் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய தலைவர் மார்ட்டின் லூதர் கிங். 1977-இல் விண்வெளி ஓடத்தில் பறக்க அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா ஆள் எடுத்தபோது, பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்க வைக்கும் பொறுப்பு நிக்கல்ஸிடம் வந்தது. தகுதியுள்ளவர்கள் விண்ணப்பித்தும் ஒருவரும் தேர்வாகாவிட்டால் அதைப் பகிரங்கமாகக் கேட்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அவர் இறங்கினார். நாசாவின் நீல உடையை அணிந்து, ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் நின்று, 'தகுதி இருந்தால் இதுவே தருணம்' என்ற பொருளில் விளம்பரப் படத்தில் அழைப்பு விடுத்தார். 1978 ஜனவரியில் தேர்வானதாக அறிவிக்கப்பட்ட 35 பேரில் 6 பெண்களும் 3 கறுப்பினத்தவரும் இருந்தார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது தகுதி விதியை. 1959-இல் சோதனை விமானிகளை மட்டுமே எடுத்த நாசா, இம்முறை அறிவியலாளர், பொறியாளர், மருத்துவர் ஆகியோருக்கும் இடம் வைத்திருந்தது. நிக்கல்ஸின் பாத்திரத்தைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன், வேதிப் பொறியியலும் பிறகு மருத்துவமும் படித்து, ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணியாற்றிய பின்னரே நாசாவுக்கு வந்து, 1992-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். நாசா அவரை எடுக்காமல் போயிருந்தாலும் அவர் கையில் ஒரு நல்ல தொழில் இருந்திருக்கும். தாய்மார்களின் அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்கு முதலில் தேர்வான நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள், நால்வரும் ஆண்கள் என்பதை மகளிடம் மறைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் தொடக்கம் அப்படித்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பை எடுத்தால், பொறியியல், மருத்துவம் இரண்டுக்குமே வழி திறந்திருக்கும். சேர்க்கைக்கு முன் அவளுடைய மதிப்பெண் பட்டியலோடு அவளையும் அழைத்து வாருங்கள். எந்தப் பாடத்தில் அவளுக்கு உண்மையான ஆர்வம் என்பதை அவள் வாயாலேயே கேட்க விரும்புகிறேன்.