மாமனாரின் சான்றில் உள்ள கார்தாயா மறைமாவட்டம் இன்றைய மறைமாவட்டப் பட்டியலில் இல்லையே: ஞானஸ்நானச் சான்று எங்கே கேட்பது?

அல்ஜீரியாவின் லகுவாத் மறைமாவட்டத்துக்கு எழுதுங்கள். உங்கள் மாமனாரின் 1951-ஆம் ஆண்டுச் சான்றில் உள்ள 'கார்தாயா' அதுதான். அல்ஜீரியச் சகாராவுக்கான அந்த விகாரியாத்து (மறைமாவட்டமாக உயர்த்தப்படுமுன் உள்ள திருச்சபை ஆட்சிப் பகுதி), 1955-இல் லகுவாத் என்ற பெயரில் மறைமாவட்டமானது. ஆனால் ஆயர் இருப்பது இன்றும் கார்தாயாவில்தான். பெயரை நம்பி லகுவாத் நகர முகவரிக்கு அனுப்பினால் கடிதம் சுற்றிக்கொண்டிருக்கும்.

அனுப்பும் முன் சான்றில் பங்கின் (உள்ளூர்க் கோயில் சமூகத்தின்) பெயரைப் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவேடு பங்கு வாரியாகவே எழுதப்படும். லகுவாத் மறைமாவட்டமோ இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலப்பரப்பு. துக்கூர்த், உவார்க்லா, தமன்ராசெத் எல்லாம் அதற்குள் அடக்கம். ஊர் தெரியாமல் தேடச் சொல்வது அங்குள்ள சில குருக்களுக்குப் பெரும் பாரம்.

கடிதம் பிரெஞ்சில் இருக்கட்டும். முழுப் பெயர் (சான்றில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில்), பிறந்த நாள், ஞானஸ்நான நாள், தந்தை பெயர், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், இவற்றோடு பழைய சான்றின் நகல். திருமணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்றால் 'ஓரக் குறிப்புகளுடன் புதிய பிரதி' என்று தெளிவாக எழுதுங்கள். திருமணத்துக்குப் பழைய நகலைப் பங்குகள் பொதுவாக ஏற்பதில்லை. உறுதிபூசுதல், திருமணம் பற்றிய குறிப்புகள் பதிவேட்டின் ஓரத்தில்தான் சேரும்.

ஒரு எச்சரிக்கை: அல்ஜீரியா அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் பிரான்சின் அரசு ஆவணக் காப்பகங்களிலும் தேடத் தோன்றும்; அங்கே பொதுவாகக் கிடைப்பது அரசின் பிறப்புப் பதிவு. அதை வாங்கினால் ஞானஸ்நானம் நிரூபணமாகாது. பங்கு ஏடு கிடைக்காவிட்டால், சகாராவில் பணியாற்றிய 'வெள்ளைத் தந்தையர்' என்ற கத்தோலிக்க மறைபரப்புச் சபையின் ரோம் ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள்.