மூச்சுக்குழலும் மரபணுவும்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை மருத்துவரின் பதில்கள்

குழந்தைகளின் ஆஸ்துமா மருந்துகளுக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஆராய்ந்து வருவதைச் சென்ற இதழில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

என் மகனுக்கு எட்டு வயது. நான்கு ஆண்டுகளாக வீசிங் இருக்கிறது. தினமும் இன்ஹேலர் கொடுத்தும் போன மழைக்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதே மருந்தை எடுத்துக்கொள்ளும் என் தங்கை மகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இதற்கு மரபணுதான் காரணமா? – வாசகி, பொள்ளாச்சி

ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனால் அதை முதலில் சந்தேகிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இளைப்பின்போது கொடுக்கும் சால்பியூட்டமாலும், நீண்ட நேரம் வேலை செய்யும் சால்மெட்டராலும், மூச்சுக்குழல் தசைகளின் மேல் உள்ள பீட்டா-2 ஏற்பி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் அந்தத் தசைகளைத் தளரச் செய்கின்றன. அந்த ஏற்பியை உருவாக்கும் மரபணு ஐந்தாவது குரோமோசோமில் இருக்கிறது. ஏற்பியின் 16ஆவது இடத்தில் சிலருக்கு கிளைசின் என்ற அமினோ அமிலமும் (புரதத்தைக் கட்டும் சிறு அலகு) சிலருக்கு ஆர்ஜினைனும் அமைந்திருக்கும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக மரபணுவின் இரண்டு பிரதிகள் வருவதால், ஒரே பிள்ளையிடம் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. ஆர்ஜினைன் வகை ஏற்பியை உடையவர்கள் இந்த மருந்துகளை நாள்தோறும் எடுத்துக்கொள்ளும்போது ஏற்பி சலிப்படைந்துபோகிறதோ என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கு வெகுகாலமாக இருந்தது.

'பிக்கா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் குழந்தை ஆஸ்துமா மருந்து-மரபணுக் கூட்டமைப்பு, 4,226 குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டில் இதற்கு விடை தேடியது. மூச்சுக்குழல் அழற்சியைத் தணிக்கும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டோடு சால்மெட்டரால் போன்ற நீண்டநேர மருந்தையும் சேர்த்து எடுத்துவந்த குழந்தைகளிடம், ஆர்ஜினைன் பிரதி ஒவ்வொன்றுக்கும், ஆஸ்துமா கடுமையாவதற்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர்ந்திருந்தது. ஸ்டீராய்டு இன்ஹேலரை மட்டும் எடுத்துவந்த குழந்தைகளிடம் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. ஆக, அந்த மரபணு வகை நோயைக் கடுமையாக்குகிறது என்று சொல்வதைவிட, ஒரு குறிப்பிட்ட மருந்தோடு சேரும்போதுதான் அது கணக்கில் வருகிறது என்று சொல்வதே பொருத்தம்.

அம்மா, அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் செல்லும்போது இன்ஹேலரையும் அதில் பொருத்தும் ஸ்பேஸர் குழாயையும் கையோடு எடுத்துச் சென்று, வழக்கமாக வீட்டில் கொடுப்பது போலவே அவர் முன்னால் ஒரு முறை கொடுத்துக் காட்டுங்கள். "சரியாகத்தான் கொடுக்கிறோம்" என்று உறுதியாகச் சொல்லும் பெற்றோரிடம் நான் அப்படிச் செய்துகாட்டச் சொன்னால், இன்ஹேலரைக் குலுக்காமலே அழுத்துவதையும், ஒரு மூச்சுக்குள் இரண்டு முறை அழுத்திவிடுவதையும், முகமூடிக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி இருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். நுரையீரலுக்குப் போய்ச் சேராத மருந்துக்கு மரபணுவைக் குறை சொல்வதில் பயனில்லை. இவையெல்லாம் சரியாக இருந்தும் கட்டுப்படவில்லை என்றால்தான் மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். எந்த நிலையிலும் இன்ஹேலரை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு நாட்டிலேயே லட்சக்கணக்கான ஆஸ்துமாக் குழந்தைகள் இருக்கும்போது, இதற்குப் பல நாடுகள் ஏன் கூட வேண்டும்? – கல்லூரி மாணவர், திருச்சி

நோயாளிகள் ஏராளமாக இருப்பது உண்மைதான். ஆனால் எந்த மருந்தை எவ்வளவு நாள் எடுத்தார்கள் என்ற குறிப்பு, கடந்த ஓராண்டில் எத்தனை முறை நோய் முற்றியது என்ற கணக்கு, டி.என்.ஏ. மாதிரி, பெற்றோரின் ஒப்புதல் ஆகிய நான்கும் ஒருசேரக் கிடைக்கும் குழந்தைகள் மிகச் சிலரே. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆய்வில் ஆயிரம் குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களில் நூற்றைம்பது பேர் நீண்டநேர மருந்தையும் சேர்த்து எடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கே இரண்டு பிரதிகளும் ஆர்ஜினைன் வகையாக இருக்கின்றன என்பதால், கடைசியில் கையில் நிற்பவர்கள் இருபது பேர் சொச்சம்தான். அவர்களில் இரண்டு பேருக்கு நோய் முற்றியதா மூன்று பேருக்கா என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. பிக்கா தொடங்கிய சில ஆண்டுகளில் 12 நாடுகளின் 21 ஆய்வுகள் அதில் இணைந்து, 14,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் இத்தகைய கேள்விகளைக் கேட்கவே முடிந்தது.

எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பளிப்பது அவற்றை ஒன்றுசேர்த்த உழைப்பு. நெதர்லாந்தின் 'பாக்மன்' ஆய்வில், ஆஸ்துமா மருந்தைத் தொடர்ந்து வாங்கும் 4 முதல் 12 வயதுக் குழந்தைகளை மருந்துக்கடைப் பதிவேட்டிலிருந்தே தேர்ந்தெடுத்து, அந்தக் கடைக்கே வரவழைத்து, உமிழ்நீர் மாதிரி எடுத்து, இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் சேர்ந்த குழந்தைகள் வேறு வழிகளில் வந்தவர்கள். ஓரிடத்தில் வாய்வழி ஸ்டீராய்டு கொடுத்தது மட்டும் பதிவாகியிருக்கும். இன்னோரிடத்தில் அவசரப் பிரிவுக்கு வந்தது பதிவாகியிருக்கும். ஓர் ஆய்வில் ஆறு மாதக் கணக்கும் மற்றோர் ஆய்வில் ஓராண்டுக் கணக்கும் இருக்கும். 'நோய் முற்றியது' என்ற ஒரு சொல்லுக்கு எல்லோரும் ஒரே பொருள் கொள்வதற்கே நெடிய கடிதப் போக்குவரத்து தேவைப்படும். இந்த அலுப்பூட்டும் வேலை செய்தித்தாளில் வராது. ஆனால் முடிவுகளின் நம்பகத்தன்மை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இந்த ஆய்வுகளில் நம் குழந்தைகள் இருக்கிறார்களா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

என்னை மிகவும் வருத்துகிற கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். 2018ஆம் ஆண்டில் வெளியான மிகப் பெரிய பன்னாட்டு ஆஸ்துமா மரபணுத் தொகுப்பாய்வு ஒன்றில் 23,948 நோயாளிகள் இடம்பெற்றார்கள். அவர்களில் ஐரோப்பிய வம்சாவளியினர் 19,954 பேர், ஆப்பிரிக்க வம்சாவளியினர் 2,149 பேர், ஜப்பானியர் 1,239 பேர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 606 பேர். கூட்டிப் பாருங்கள், கணக்கு முடிந்துவிடும். தெற்காசியர் என்று ஒரு பிரிவே அதில் கிடையாது.

இது வெறும் கௌரவப் பிரச்சினை அன்று. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கும் போர்ட்டோரிக்கோ வம்சாவளிக் குழந்தைகளுக்கும் பேச்சு மொழி ஒன்றுதான். வெளியார் கண்ணுக்கு இருவரும் ஒரே இனத்தவராகத் தெரிவார்கள். ஆனால் சால்பியூட்டமால் கொடுத்தால் முன்னவரின் மூச்சு நன்றாகத் திறக்கிறது. பின்னவரிடம் அந்தப் பலன் குறைவாகவே இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் எஸ்டபான் புர்ச்சார்டின் குழுவினர் இந்த வேறுபாட்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 2018இல் 1,441 சிறுபான்மை இனக் குழந்தைகளின் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்து, ஐரோப்பியரிடம் மட்டும் தேடியிருந்தால் கண்ணில் பட்டிராத மாறுபாடுகளைச் சுட்டிக்காட்டினார்கள். அவ்வளவு நெருங்கிய இரு பிரிவினரிடையே இத்தனை வேறுபாடு இருக்குமானால், ஐரோப்பியக் குழந்தைகளிடம் கண்ட முடிவை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்துவது எப்படிச் சரியாகும்? இத்தகைய ஆய்வுக்கு நம் மருத்துவர்கள் முறைப்படி ஒப்புதல் கேட்டால் பெற்றோர் அச்சமின்றிக் கேள்வி கேட்க வேண்டும்: மாதிரி எங்கே வைக்கப்படும், பெயர் நீக்கப்படுமா, பிற்பாடு விலகிக்கொள்ள முடியுமா என்று. பதில் திருப்தியாக இருந்தால் சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஸ்டீராய்டு இன்ஹேலரால் குழந்தை குள்ளமாகிவிடுமா? அதற்கும் மரபணு உண்டா? – வாசகர், மதுரை

அமெரிக்க, கனடியக் குழந்தைகளை நான்கு ஆண்டுகளுக்கு மேல் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்துப் பின்தொடர்ந்த ஆய்வில், பெரியவர்களான பின் அவர்களின் உயரம் அம்மருந்து பெறாதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. கட்டுப்படாத ஆஸ்துமாவின் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய விலை. உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலை இந்த இன்ஹேலரால் மந்தமாவது வேறு விஷயம். அது சில குழந்தைகளுக்கே நேர்கிறது. அவர்களிடம் பிடிஜிஎஃப்டி என்ற மரபணுவின் ஒரு மாறுபாடு கூடுதலாகக் காணப்படுவதாக லிவர்பூல் ஆய்வாளர்கள் 2018இல் தெரிவித்தார்கள். இதை வைத்து ஒரு பரிசோதனை வழக்கத்துக்கு வர இன்னும் பல ஆய்வுகள் தேவை.

மரபணுவைப் பார்த்து மருந்தை மாற்றிக் கொடுத்து யாரேனும் சோதித்திருக்கிறார்களா? என் மகளுக்கு 14 வயது. – வாசகர், ஹாரோ, லண்டன்

உங்கள் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். இரண்டு பிரதிகளும் ஆர்ஜினைன் வகையாக இருந்த 62 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு சால்மெட்டராலும் மறுபாதியினருக்கு மாண்டெலுகாஸ்ட் மாத்திரையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. மாத்திரை எடுத்தவர்களே நலமாக இருந்தார்கள். பிறகு பிரைட்டனைச் சேர்ந்த சோம்நாத் முகோபாத்யாய் குழுவினர், 12 முதல் 18 வயது வரையுள்ள 241 பேரை வைத்து இன்னும் விரிவாகச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். மரபணுவைப் பார்த்து மருந்து பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் சற்று உயர்ந்தது. ஆனால் மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்கது என்று முன்கூட்டியே வகுத்திருந்த அளவை அது எட்டவில்லை. நேர்மையாக எழுதப்பட்ட முடிவு என்பதால் எனக்கு அதன் மேல் மதிப்பு அதிகம். மாண்டெலுகாஸ்டினால் சில பிள்ளைகளுக்குத் தூக்கக் கோளாறும் மனநிலை மாற்றமும் ஏற்படக்கூடும் என்று 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மாத்திரைதானே என்று எளிதாக மாறிவிட வேண்டாம்.

மரபணுவின்படி மருந்து என்பது நுரையீரல் நோய் எதிலாவது நடைமுறைக்கு வந்துவிட்டதா? – மருந்தாளுநர், நாகர்கோவில்

வந்துவிட்டது, நுரையீரலிலும் செரிமான உறுப்புகளிலும் கெட்டியான சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில். ஆஸ்துமாவில் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. இந்த நோயிலோ ஒரே மரபணுதான் பழுது. கனடாவின் டொரண்டோவிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் இருந்த ஆய்வாளர்கள் கூட்டாகத் தேடி 1989இல் அதைக் கண்டுபிடித்தார்கள். 2012இல் ஐவகாஃப்டர் என்ற முதல் மருந்து வந்தபோது, நோயாளிகளில் நூற்றுக்கு நாலைந்து பேருக்கே பொருந்தும் ஒரு மாறுபாட்டுக்காக அது அனுமதிக்கப்பட்டது. 2019இல் வந்த மூன்று மருந்துக் கலவை, அமெரிக்க நோயாளிகளில் சுமார் 90 சதவீதத்தினருக்குப் பொருந்துகிறது. இந்தியக் குழந்தைகளிடம் காணப்படும் மாறுபாடுகள் வேறு கலவையில் இருப்பதால் நம்மவர்களில் அந்த அளவு பேருக்கு அது உதவாது. விலையும் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாது.

உங்கள் கடைக்கு வரும் தாய்மார்களில் யாரேனும், குழந்தைக்கு ஓயாத சளி, எடை ஏறவில்லை, மலம் எண்ணெய்ப் பசையாகப் போகிறது, முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரிக்கிறது என்று சொன்னால், மறுபடியும் ஒரு இருமல் டானிக்கைக் கொடுத்து அனுப்பாமல், வியர்வையில் உப்பின் அளவைப் பார்க்கும் சோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள். நோயை உறுதிசெய்யும் வேலை அந்த வியர்வைச் சோதனையில்தான் தொடங்குகிறது. மரபணுச் சோதனை அதற்கு அடுத்த படி.